எடுத்த குப்பை எங்கே போகிறது

திருப்பூரில் ஒரு குடியிருப்புப் பகுதியிலிருந்து மாநகராட்சிக்குப் போகும் மனுவில் வழக்கமாக மூன்று குறைகள் இருக்கும். குறுகிய வீதிக்குள் துணிப் பேல்களை ஏற்றியிறக்கும் டெம்போக்கள் வழியை அடைத்து நிற்கின்றன. பக்கத்துப் பனியன் கம்பெனிக்கு வருகிறவர்கள் டூவீலரை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுப் போகிறார்கள். முக்கில் குப்பை அள்ளப்படாமல் நாறுகிறது. மூன்றும் நியாயமான குறைகள். இவற்றைச் சொல்லக் குடியிருப்பவர்களுக்கு உரிமை உண்டு. செவிகொடுக்கும் கடமை மாமன்ற உறுப்பினருக்கும் மண்டல அலுவலகத்துக்கும் உண்டு.

ஆனால் மூன்றிலும் கேட்கப்படுவது ஒன்றுதான்: இங்கிருந்து எடுங்கள். எடுத்ததை எங்கே கொண்டு போவது என்பதைப் பற்றி மனுவில் ஒரு வரிகூட இருக்காது. அந்த ஒரு வரி இல்லாத மனு அறத்தில் முழுமையானதா? குறை சொல்லும் உரிமையோடு, அந்தக் குறை தீர்க்கப்படும் விதத்துக்கான பொறுப்பும் சேர்ந்து வருகிறதா? 2025-ஆம் ஆண்டு திருப்பூர் இந்தக் கேள்வியை யாரும் தள்ளிப்போட முடியாத வடிவத்தில் சந்தித்தது.

திருப்பூரைச் சுற்றிலும் கல் வெட்டி முடிந்து கைவிடப்பட்ட பாறைக்குழிகள் பல இருக்கின்றன. நகரத்தில் சேரும் குப்பையைப் பல ஆண்டுகளாக மாநகராட்சி இந்தக் குழிகளில்தான் கொட்டி வந்தது. ஒரு குழி நிறைந்தால் அடுத்தது. முதலிபாளையத்தில் கொட்டியபோது அந்த ஊரார் எதிர்த்தார்கள். நெருப்பெரிச்சல் பக்கம் எதிர்ப்பு எழுந்தது. பிறகு இடுவாய் ஊராட்சியின் சின்னக்காளிபாளையத்துக்கு வேலை நகர்ந்தபோது அங்கும் மக்கள் திரண்டார்கள். லாரிகள் மறிக்கப்பட்டன, போலீஸ் வந்தது, கைதுகள் நடந்தன, வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. லாரிகள் போக இடமில்லாததால் நகரத் தெருக்களில் குப்பை மலைபோல் தேங்கியது. அப்போது நகரத்துக்குள் பலர் சொன்னது, கிராமத்துக்காரர்கள் விடமாட்டேன் என்கிறார்கள், அதனால்தான் ஊரே நாறுகிறது என்று.

இந்தப் பேச்சு தவறானது. அது ஏன் தவறு என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

பாறைக்குழி வெறும் பள்ளம் போலத் தெரியும். ஆனால் வெடி வைத்து உடைத்த பாறையில் விரிசல்கள் ஓடும். மழைத் தண்ணீர் குழிக்குள் இறங்கி, மக்கிய உணவு, பிளாஸ்டிக், பேட்டரி, நாப்கின் எல்லாம் கலந்த குவியலின் வழியே கசிந்து, கருத்த சாறாக விரிசல்களில் இறங்கும். நல்ல மண்ணாவது கொஞ்சம் வடிகட்டும். விரிசல் விட்ட பாறை வடிகட்டாது. பக்கத்துத் தோட்டத்துக் கிணறும் ஆழ்குழாயும் அந்த விரிசல்களிலிருந்துதான் நீர் எடுக்கின்றன. கொங்கு நாட்டில் ஒரு போரில் தண்ணீர் காண எத்தனை நூறு அடி இறங்க வேண்டும், அதற்கு ஒரு குடும்பம் எவ்வளவு கடன் வாங்குகிறது என்பது விவசாயம் செய்தவர்களுக்குத் தெரியும். அந்தத் தண்ணீர் கெட்டுப்போனால் மறுபடி நல்லதாக ஒரு தலைமுறை ஆகலாம். 2025-இல் நடைமுறையில் இருந்த 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளின்படி, மறுபயன்பாட்டுக்கோ உரமாக்கவோ இயலாத எச்சம் மட்டுமே நிலத்தில் புதைக்கப்பட வேண்டியிருந்தது. புதைக்கும் இடம் வீடுகளிலிருந்தும் குடிநீர்க் கிணறுகளிலிருந்தும் 200 மீட்டராவது தள்ளி, கசிவு இறங்காதபடி அடித்தளம் போட்டு அமைக்கப்பட வேண்டியிருந்தது. பிரிக்காத குப்பையைப் பாறைக்குழியில் கொட்டியது இந்த விதிகளின் சொல்லுக்கும் நோக்கத்துக்கும் எதிரானது. லாரியை மறித்தவர்கள் சட்டத்தை மீறினார்கள் என்று சொல்கிறவர்கள், லாரிக்குள் இருந்தது ஏற்கெனவே மீறப்பட்ட சட்டம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 28 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்தது. திருப்பூர் மாவட்டமும் அவற்றில் ஒன்று. அதன்பின் ஊராட்சிகளைத் தனி அலுவலர்கள் நிர்வகித்தார்கள். நகரத்து வீதிக்கு ஒரு மாமன்ற உறுப்பினர் இருந்தார், மேயர் இருந்தார், குறை சொல்ல ஒரு மன்றம் இருந்தது. குப்பை போய் இறங்கிய ஊராட்சிகளில் அந்த ஆண்டு தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரும் இல்லை, வார்டு உறுப்பினரும் இல்லை. ஒரு பக்கம் குரலுக்கு அமைப்பு இருக்கிறது, மறு பக்கம் உடம்பைக் கொண்டுபோய் லாரிக்கு முன்னால் நிறுத்துவதைத் தவிர வழியில்லை. இந்த நிலையில் மறியலை வம்பு என்று அழைப்பது, பேச வாய்ப்பில்லாதவரைக் கத்துகிறார் என்று குறை சொல்வதாகும்.

எதிர்வாதம் ஒன்று இருக்கிறது, அது வலுவானதும்கூட. குப்பை அள்ளச் சொல்லும் சாதாரணக் குடிமகன் அதைப் பாறைக்குழியில் கொட்டச் சொல்லவில்லையே. சொத்து வரியோடு குப்பைக்கும் கட்டணம் கட்டுகிறார். அதை முறையாகக் கையாள வேண்டியது மாநகராட்சி. மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் விளக்கு எரியவில்லை என்று புகார் சொல்லலாமா? குறை சொல்லவே ஒரு தகுதி வேண்டும் என்று ஆரம்பித்தால், கடைசியில் ஏழைகள்தான் வாயடைக்கப்படுவார்கள். பத்துக்குப் பத்து லைன் வீட்டில், ஒரே கழிப்பறையை ஆறேழு குடும்பங்கள் பகிர்ந்துகொள்கிற காம்பவுண்டில், இரண்டு தொட்டி வைத்து மக்கும் குப்பை மக்காத குப்பை பிரிக்கச் சொல்வது யாரால் முடியும்?

இந்த வாதத்தின் பாதி ஒப்புக்கொள்ளப்பட வேண்டியது. புகார் சொல்ல யோக்கியதைச் சான்று கேட்கக் கூடாது. பிரிக்காமல் போடுகிறவரின் வீதியிலும் குப்பை அள்ளப்படத்தான் வேண்டும். ஆனால் மறுபாதி நிற்காது. தெரியாமல் இருக்கும்வரை குடிமகனுக்குப் பொறுப்பு இல்லை என்பது சரி. லாரிகள் மறிக்கப்பட்டு, பத்திரிகைகளில் படம் வந்து, எந்த ஊர்க் கிணறு கெடுகிறது என்று ஊர்முழுக்கத் தெரிந்த பிறகு, எங்கள் வீதியைச் சுத்தம் செய்தால் போதும் என்று எழுதும் மனு முன்பு எழுதிய அதே மனு ஆகாது. சொற்கள் அவையேதான். கேட்கிறவர் இப்போது விலை என்ன, அதை யார் கொடுக்கிறார் என்று அறிந்து கேட்கிறார்.

இதை அறியாத ஊர் அல்ல திருப்பூர். சாயப் பட்டறைகளின் தண்ணீர் நொய்யலில் இறங்கி, கீழே ஒரத்துப்பாளையம் அணையில் போய்த் தேங்கியது. பாசனத்துக்காக 1992-இல் கட்டிய அந்த அணையை, அதே பாசன விவசாயிகளே திறக்காதீர்கள் என்று சொல்லும் நிலை வந்தது. நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் பல ஆண்டுகள் நீதிமன்றத்தில் போராடினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூடச் சொன்னபோது ஊரே ஸ்தம்பித்தது. வேலையிழந்து ஊர் திரும்பிய தொழிலாளர்களின் துயரம் உண்மையானது. பிறகுதான் கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறைக்குப் பட்டறைகள் மாறின. இன்று வெளிநாட்டு வாங்குநர்களிடம் அந்த முறையைத் திருப்பூர் பெருமையோடு காட்டுகிறது. அந்தப் பெருமை தகுதியானதுதான். ஆனால் அது முதலில் வந்தது கீழ்ப்பகுதி விவசாயிகளின் பிடிவாதத்திலிருந்து. ஆற்றின் போக்கில் கீழே இருந்தவர்கள் கேட்ட கேள்வியைத்தான் இப்போது பாறைக்குழியின் ஓரத்தில் இருப்பவர்கள் கேட்கிறார்கள். தண்ணீருக்குப் பதில் கண்டுபிடித்த ஊர், குப்பைக்குப் பதில் இல்லை என்று சொல்ல முடியாது.

பக்கத்திலேயே கேரளத்தில் பதில் கிடைத்திருக்கிறது. திருவனந்தபுரத்தின் குப்பை விளப்பில்சாலையில் இருந்த ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஊர் மக்கள் பல ஆண்டுகள் எதிர்த்து, 2011 டிசம்பரில் அந்த வாசலை மூடினார்கள். ஆலப்புழையின் குப்பை சர்வோதயபுரத்துக்குப் போனது. அங்கும் மக்கள் லாரிகளைத் தடுத்தார்கள், நகரம் நாறியது. ஆனால் ஆலப்புழை வேறு ஒரு கிராமத்தைத் தேடவில்லை. வீட்டிலேயே சாண எரிவாயு போல உணவுக் கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் கலன்களும், வார்டுக்குள்ளேயே காற்றோட்டமாக மக்கவைக்கும் தொட்டிகளும் வைத்தது. ஐந்தாண்டுகளில், 2017-இல், ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு எடுத்துக்காட்டாகச் சொன்ன உலக நகரங்களில் ஒன்றாக அது நின்றது. லாரியை மறித்த கிராமத்தார் ஆலப்புழைக்குச் செய்தது நன்மை என்று இப்போது சொல்லலாம். தடை வராமல் இருந்திருந்தால் அந்த நகரம் இன்னும் அதே ஊரில் கொட்டிக்கொண்டிருக்கும்.

எதிர்ப்புக்குச் செவிகொடுக்காத ஊர்களில் நடப்பது வேறு. கொழும்பின் குப்பை கொட்டப்பட்ட மீதொட்டமுல்லையில் சுற்றியிருந்தவர்கள் நெடுநாளாக முறையிட்டு வந்தார்கள். 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு அன்று, அந்தக் குப்பை மலை சரிந்து வீடுகளை மூடியது. முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

குப்பையைப் பிரிப்பது மக்களிடம் எடுபடாது என்ற பேச்சைத் திருப்பூரில் கேட்கும்போது வியப்பாக இருக்கிறது. கழிவைப் பிரிப்பதில் இந்த ஊருக்கு இணை இந்தியாவில் அதிகம் இல்லை. கட்டிங் மேசையிலிருந்து விழும் பனியன் வேஸ்ட் இங்கே தரையில் கிடந்து வீணாவதில்லை. வெள்ளை தனி, கலர் தனி, பருத்தி தனி, பாலியஸ்டர் கலந்தது தனி என்று பெண்கள் உட்கார்ந்து தரம் பிரிக்கிறார்கள். பெரிய துண்டு எந்திரம் துடைக்கும் துணியாகப் போகிறது. மிச்சம் மில்லுக்குப் போய் மறுபடி பஞ்சாகி, ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூலாகி, துணியாகத் திரும்புகிறது. கிலோவுக்கு விலை உண்டு. அந்த விலையில் ஒரு ரூபாய் இறங்கினாலும் வியாபாரிக்கு உடனே தெரியும். ஒரே கட்டடத்தில், மேல் மாடியில் கட்டிங் வேஸ்ட் நிறம் நிறமாகப் பிரிந்து கிடக்க, கீழே கேன்டீன் மிச்சமும் பாலித்தீன் பையும் டீ கப்பும் ஒரே சாக்கில் வீதிக்குப் போகிறது.

ஆகவே, பிரிக்கத் தெரியவில்லை என்பது பொய். பிரித்தால் காசு வருவதைப் பிரிக்கிறார்கள். பிரிக்காவிட்டால் அடுத்தவருக்கு மட்டும் இழப்பு வருவதைப் பிரிக்காமல் விடுகிறார்கள். இங்கேதான் அறக் கேள்வி கூர்மையாகிறது. இழப்பின் விலைச்சீட்டு வேறொரு ஊர்க் கிணற்றில் ஒட்டப்பட்டிருப்பதால், நகரத்தின் கணக்குப் புத்தகத்தில் அது ஏறவில்லை. நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் கழிவு உண்டாக்கும் நிறுவனங்கள், விடுதிகள், கல்யாண மண்டபங்கள் தங்கள் ஈரக் குப்பையைத் தங்கள் வளாகத்திலேயே முடிந்தவரை கையாள வேண்டும் என்று 2016 விதிகள் கூறின. பெரிய பனியன் கம்பெனிகளும் தொழிலாளர் விடுதிகளும் இதற்குள் வந்தன. வெளிநாட்டு வாங்குநரின் தணிக்கைக்குக் கழிவுப் பதிவேடு எழுதத் தெரிந்த கம்பெனிக்கு இது புதிய பாடம் இல்லை. லைன் வீட்டுக் குடும்பத்திடம் இரண்டு தொட்டி கேட்கும் முன், இவர்களிடம் கேட்பதுதான் முறை. சுமை வலிமைக்கு ஏற்ப இறங்க வேண்டும். லைன் வீட்டுக்கும் கடமை உண்டு. ஆனால் தொட்டி வைக்க இடம் தரவேண்டியவர் வாடகை வாங்கும் காம்பவுண்ட் உரிமையாளர்.

போக்குவரத்துக் குறையும் பார்க்கிங் குறையும் இதே வழியில்தான் திறக்கின்றன, ஆனால் அங்கே குற்றவாளி இன்னும் பக்கத்தில் இருக்கிறார். திருப்பூரின் குடியிருப்பு வீதி வீடுகளால் மட்டும் ஆனது இல்லை. நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், கட்டிங் ஓரிடம், தையல் பல இடம், செக்கிங் அயர்னிங் இன்னோரிடம் என்று ஜாப் ஒர்க்கில் சிதறிக் கிடக்கும் தொழில் இது. ஒரு டி-சர்ட் முடிவதற்குள் துணி பல வீதிகளைச் சுற்றிவருகிறது. அந்தச் சுற்றுதான் டெம்போ. வீட்டின் கீழ்த்தளத்தைப் பவர் டேபிள் போட்டுத் தைக்க வாடகைக்கு விட்டவர், மாடியிலிருந்து டெம்போ நிற்கிறது என்று புகார் சொல்வதில் அநியாயம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி வாகனம் நிறுத்த இடம் காட்டித்தான் வரைபட அனுமதி வாங்கப்படுகிறது. அனுமதி வந்ததும் அந்த இடம் கடையாகவோ தையல் கூடமாகவோ ஆகிவிட்டால், வாகனம் வீதிக்குத்தான் வரும். அடுத்தவர் வாசலில் நிற்கும் டூவீலருக்கு எதிராகக் கையெழுத்துப் போடுகிறவர், தன் கட்டடத்தின் வரைபடத்தை ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம். இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: நகர மையத்தில் அடுக்குமாடி வாகன நிறுத்தம் கட்டினால் காதர்பேட்டைச் சந்தைக்கு வரும் வியாபாரிக்கு உதவும், ஷிப்ட் முடிந்து இரவில் வருகிற தையல்காரரின் வண்டிக்கு உதவாது.

யாருடைய குறை மனுவாகிறது என்பது அடுத்த கேள்வி. 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தபோதே, மூன்று லட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்று 243-எஸ் பிரிவு சொன்னது. தமிழ்நாட்டில் வார்டு குழுக்களுக்கும் பகுதிச் சபைகளுக்குமான விதிகள் 2022-இல் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று, நகரங்களில் முதன்முதலாகப் பகுதிச் சபைகள் கூடின. கிராம சபைக்குப் பழகிய மாநிலத்தில் நகரத்துக்காரர் உட்கார்ந்து பேச ஒரு சபை கிடைத்தது நல்ல காரியம். அதன் அடிப்படை வாக்காளர் பட்டியல். இங்கேதான் திருப்பூர் இடறுகிறது. தேனி, மதுரை, திண்டுக்கல் பக்கமிருந்து வந்தவர்களில் பலருக்கு வாக்கு இன்னும் சொந்த ஊரில் இருக்கிறது. ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்து விடுதிகளிலும் லைன் வீடுகளிலும் தங்கியிருப்பவர்களில் பெரும்பாலோருக்கு இங்கே வாக்கில்லை. வீதியில் வசிப்பவரும் குப்பை உண்டாக்குபவரும் குப்பையால் நோய்ப்படுபவரும் அவர்கள்; சபையில் அவர்கள் இல்லை. பேசப்படும் பொருளாக மட்டும் வருகிறார்கள்: வடக்கத்தியர்கள் வந்துதான் தெரு அசுத்தமாகிவிட்டது என்று. வாடகையும் உழைப்பும் வாங்கிக்கொண்டு, அந்த மனிதரின் குறையை மட்டும் வாங்க மறுப்பது கூடாது. சட்டம் மாற நாளாகும். ஆனால் வாக்கில்லாத குடியிருப்பாளரின் குறையையும் தன் மனுவில் சேர்த்து எழுத எந்தச் சங்கத்துக்கும் சட்டம் தடை சொல்லவில்லை.

தூய்மைப் பணியாளர்கள் நிலையும் அப்படித்தான். குப்பை அள்ளவில்லை என்ற புகார் மேலிருந்து இறங்கி இறங்கி, கடைசியில் விடியற்காலையில் வண்டி தள்ளும் ஒப்பந்தத் தொழிலாளியின் தலையில் விழுகிறது. கொட்ட இடமில்லாத நாட்களில் அவரும்தான் மூச்சுமுட்டுகிறார். கலந்த குப்பையைக் கிளறி ஊசியும் கண்ணாடியும் கையில் குத்தப் பிரிக்கிறவர் அவர். வீட்டுக்காரர் செய்யாத வேலையைக் குறைந்த கூலிக்கு அவர் செய்கிறார்.

அப்படியானால் குடியிருப்போர் சங்கம் என்ன எழுத வேண்டும்? குப்பையை அள்ளுங்கள் என்றுதான் எழுத வேண்டும். அதில் ஒரு எழுத்தும் குறைய வேண்டாம். அடுத்த வரியில், எங்கள் வார்டின் குப்பை நேற்று எந்த இடத்தில் இறக்கப்பட்டது, பிரித்தா பிரிக்காமலா, எத்தனை டன் என்பதைப் பகுதிச் சபையில் வாசியுங்கள் என்று கேட்க வேண்டும். அதற்கடுத்து, எங்கள் வார்டுக்குள் ஈரக் குப்பையை மக்கவைக்க இந்த இடத்தைத் தருகிறோம் என்று ஓர் இடத்தைச் சொல்ல வேண்டும். இந்த மூன்றாவது வரிதான் கடினமானது. பூங்காவின் மூலையில் உரக்கூடம் வரட்டும் என்றால், அதே சங்கத்தில் பாதிப்பேர் எழுந்து நாற்றம் வரும், மனை விலை குறையும் என்பார்கள். அவர்கள் பயத்தில் உண்மை இருக்கிறது. சரியாக நடத்தாத உரக்கூடம் நாறத்தான் செய்யும். ஆனால் சொந்தத் தெருவின் காய்கறித் தோலை ஒரு மூலையில் ஏற்கத் தயங்குகிறவர், முழு நகரத்தின் கலந்த குப்பையையும் ஒரு கிராமம் ஏற்க வேண்டும் என்று எதை வைத்துச் சொல்வார்?

இதெல்லாம் உருவாக மாதங்கள் ஆகும், சில இடங்களில் ஆண்டுகள் ஆகும். அதுவரை? நிர்வாகத்தில் இருப்பவர்கள் கேட்பது இதைத்தான், அது நேர்மையான கேள்வி. இன்று காலை சேர்ந்த பல நூறு டன்னை அறக் கட்டுரைக்குள் கொட்ட முடியாது. இடைக்காலச் சுமை எங்கோ ஓரிடத்தில் விழுந்தே ஆக வேண்டும்.

தாமதத்தைக் குறைக்கும் சக்தி யாரிடம் இருக்கிறதோ, அவர்கள் பக்கத்தில்தான் அது விழ வேண்டும். கிராமத்துப் பாறைக்குழியில் கொட்டப்படும்வரை நகரத்துக்கு அவசரமில்லை. ஒவ்வொரு நாள் தாமதத்தின் விலையையும் சின்னக்காளிபாளையம் கொடுக்கும், தாமதத்தைத் தீர்க்க அதற்கு ஒரு வாக்குகூட இல்லை. மாறாக, மண்டலத்துக்கு ஒன்றாக, மாநகராட்சி எல்லைக்குள், தரை பூசி மூடாக்குப் போட்ட தற்காலிகக் கூடங்களில் அந்தந்த மண்டலத்தின் குப்பை பிரிக்கப்படுமானால், தாமதம் மேயருக்கும் மாமன்றத்துக்கும் வாக்காளருக்கும் கம்பெனி முதலாளிக்கும் நாள்தோறும் மூக்கில் ஏறும். நகர எல்லைக்குள்ளும் ஏழைகள் இருக்கும் ஓரத்தைத் தேடிப்போகும் பழக்கம் உண்டு. ஆகவே கூடம் எங்கே என்பதைப் பகுதிச் சபைகள் திறந்த கூட்டத்தில் முடிவு செய்ய வேண்டும், அந்தக் கூட்டத்துக்கு முதலிபாளையத்தாரும் இடுவாய்க்காரர்களும் அழைக்கப்பட வேண்டும். அவர்களுக்கு அங்கே வாக்குரிமை இல்லை. பேசும் உரிமையை மாமன்றம் ஒரு தீர்மானத்தில் கொடுத்துவிடலாம்.